மணலில் தேய்த்த கலப்பை

கலப்பை மண்ணைப் புரட்டவில்லை, சுமந்துகொண்டு போனது.

நிலத்தின் ஓரத்தில் காபி பிளாஸ்க்குடன் நின்ற ஃபென்னா அதை இரண்டாவது சாலிலேயே பார்த்துவிட்டாள். களிமண் எஃகுத் தகட்டின் மேல் வழுக்கி ஏறி, சுருண்டு, புரண்டு விழ வேண்டும். விழுந்த பக்கம் வெட்டிய சோப்புக்கட்டி மாதிரி மினுங்க வேண்டும். லூர்டின் கலப்பையில் அது தகட்டோடு அப்பிக்கொண்டு, மேலே மேலே குவிந்து, பாரம் தாங்காமல் பிய்ந்து எங்கேயோ விழுந்தது. அவனுக்குப் பின்னால் கிடந்ததை உழவு என்று சொல்ல முடியாது. பன்றிக் கூட்டம் ஒன்று கிண்டிவிட்டுப் போன இடம் என்றால் நம்பலாம்.

லூர்ட் டிராக்டரை நிறுத்தி இறங்கினான். தகட்டைப் பூட்ஸ் காலால் ஓங்கி உதைத்தான். தன்னுடைய தவறை உதைத்தே சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவனின் உதை அது. களிமண் அசையவில்லை. ஃபென்னாவின் உதட்டின் இடது ஓரம் தானாக மேலே இழுத்துக்கொண்டது.

அந்த இழுப்பு அவளுடையது அல்ல. மாமியார் பௌவீனாவுடையது. கல்யாணமாகி வந்த நாள் முதல் எதிர் நாற்காலியில் பார்த்துப் பார்த்து, எப்போதோ தன் முகத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. முதலில் இதை உணர்ந்தபோது ஃபென்னா பயந்துபோனாள். இப்போதெல்லாம் பயம் இல்லை. குளிரில் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வது போல ஒரு சுகம் அதில் இருந்தது.

அணைக்கரைச் சாலையில் ஒரு கார் வேகம் குறைந்தது. பக்கத்து நிலத்துக்காரன் சீப்ராண்ட். கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே போட்டான்.

"என்னடா லூர்ட், உழுறியா, இல்ல மண்ணை அள்ளி வீட்டுக்குக் கொண்டு போறியா?"

"புதுப் பெயிண்ட்டு. இன்னும் ரெண்டு சால் போனா கழண்டுரும்."

"காலையிலயும் அதான் சொன்னே."

"உன் வேலையைப் பாரு."

"என் வேலை முடிஞ்சுது. அதான் உன்னுதைப் பாக்குறேன்." சீப்ராண்ட் வானத்தைக் காட்டினான். "வெள்ளிக்கிழமை மழை இறங்குதாம். கேட்டியா?"

கேட்காமல் இருப்பார்களா. அந்தப் பக்கத்தில் நவம்பர் பிறந்துவிட்டால் யாரும் வேறு எதையும் கேட்பதில்லை. குளிர் வருவதற்குள் களிமண்ணை உழுது கட்டி கட்டியாகப் போட்டுவிட வேண்டும். பனி அதற்குள் புகுந்து உடைத்து, மார்ச் மாதத்தில் காபித்தூள் போல உதிர்த்துக் கொடுக்கும். மழை முந்திக்கொண்டால் டிராக்டரை உள்ளே இறக்க முடியாது. அப்புறம் வசந்தத்தில் செங்கல்லின் மேல்தான் பார்லி விதைக்க வேண்டும். வாடகைக்கு உழுகிறவர்களை லூர்ட் கூப்பிட்டுப் பார்த்துவிட்டான். டிசம்பர்வரை அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இல்லையாம். மற்றவர்களின் கலப்பைகள் எல்லாம் மற்றவர்களின் நிலத்தில் இருந்தன.

கார் நகர்ந்தது. ஃபென்னா காபியை ஊற்றிக் கொடுத்தாள். லூர்ட் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான்.

பெயிண்ட்டின் கதை ஜூன் மாதத்தில் ஆரம்பித்தது. நகரத்துக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து பண்ணையைச் சுற்றிப் பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை அது. பசு இல்லாத பண்ணையில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? லூர்ட் கலப்பையைக் காட்டினான். மண்ணைக் கீறும் கொழு மேலே ஐந்து, கீழே ஐந்து. நிலத்தின் முனையில் அப்படியே புரட்டிப் போட்டுத் திரும்பி வரலாம். ஒவ்வொரு கொழுவுக்கும் பின்னால் மண்ணைப் புரட்டும் வளைந்த தகடு. அது முழுவதையும், தகடுகளையும் சேர்த்து, கண்ணைப் பறிக்கிற சிவப்பில் இரண்டு பூச்சு அடித்தான்.

"தகட்டுக்குமா அடிக்கிறே?" என்று ஃபென்னா அன்றைக்குக் கேட்டாள்.

"புதுக் கலப்பையே பெயிண்ட்டோடதான் வரும். நல்ல களிமண்ணுல ரெண்டு சுத்து ஓட்டினா தானா உரிஞ்சுரும். எங்கப்பா சொல்லுவார். மணல்ல பொறந்தவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது."

அவளுக்குத் தெரியும். மணலில் பிறந்ததாலேயே தெரியும். மணல் உரசும், களிமண் ஒட்டும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அவள் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டாள். பயந்து போனதாக அவளால் தன்னிடமே சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவளுக்குள் ஏதோ ஒன்று நாற்காலி போட்டு உட்கார்ந்து, நவம்பருக்காகக் காத்திருக்க ஆரம்பித்தது. பிள்ளைகள் சிவப்புக் கலப்பையின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டபோது, அதுவும் சேர்ந்து புன்னகைத்தது.

ஓல்டாம்ப்ட் என்ற அந்தக் கடலோரப் பகுதியின் களிமண்காரர்களுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான். களிமண்ணில் பிறந்தவர்கள் ஒரு வகை. மிச்சமெல்லாம் மற்றொரு வகை. தெற்கே டிராக்டரில் ஒரு மணி நேரம் போனால் வரும் வெஸ்டர்வோல்டே, அவர்களைப் பொறுத்தவரை நாடே அல்ல. கடவுள் துடைத்துப்போட்ட குப்பை. அங்கே ரை தானியமும் உருளைக்கிழங்கும் பெருமூச்சும்தான் விளையும். ஃபென்னா அங்கிருந்து வந்தவள். கல்யாணத்தன்று பௌவீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "பரவாயில்ல விடும்மா. மணல்தானே, கழுவினா சீக்கிரம் போயிரும். களிமண் மாதிரி ஒட்டாது." எல்லோரும் சிரித்தார்கள். லூர்டும் சிரித்தான்.

அவள் அப்பா இறந்தபோது, குழியின் ஓரத்தில் நின்றுகொண்டு லூர்ட் பக்கத்தில் இருந்தவனிடம் மெதுவாகச் சொன்னான்: "இந்த மண்ணுல மனுஷனைக்கூட ஒழுங்காப் புதைக்க முடியாது போலருக்கே, ஓரமெல்லாம் சரியுது." மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் அவளுடைய அண்ணன் ரூல்ஃப் சரியாகப் பின்னால் நின்றிருந்தான். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

உழுது தோற்ற மறுநாள், செவ்வாய்க்கிழமை, மதியத்துக்குள் லூர்ட் பெயிண்ட் கரைக்கும் திரவத்தை ஊற்றிப் பார்த்தான். அது கையைத்தான் கரைத்தது. பிறகு கிரைண்டரை எடுத்து இரண்டு தகடுகளைச் சுரண்டினான். பெயிண்ட் போனது, பதிலுக்கு எஃகில் கீறல்கள் விழுந்தன. கீறலுக்குள் களிமண் இன்னும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட வந்தபோது அவன் முகமும் சுரண்டிவிட்ட மாதிரிதான் இருந்தது.

கடுகு சூப்பில் ரொட்டியைத் தோய்த்தபடி, யாரிடமோ பேசுவது போலச் சொன்னான்:

"உருளைக்கிழங்கு எடுத்த நிலம் இப்ப சும்மாதானே கெடக்கும்."

"எங்க?"

"அங்கதான். உங்க ஊர்ல."

"கெடக்கும்."

"அரை நாள் மணல்ல ஓட்டினா பளிச்சுன்னு ஆயிரும்னு சொல்றாங்க."

"யாரு சொல்றா?"

"பொதுவா சொல்றாங்க." ரொட்டி சூப்புக்குள் விழுந்தது. "நீ ஒரு ஃபோன் போட்டுக் கேளேன்."

"உன்கிட்ட ஃபோன் இல்லையா?"

"உன் அண்ணன்தானே."

"உன் மச்சான்தானே."

லூர்ட் கரண்டியை வைத்தான். ஃபென்னா அவனைப் பார்த்தாள். கழுத்தில் காலர் அழுத்திய சிவப்புக் கோடு. காதுக்குள் காய்ந்த களிமண். இந்த மனிதனை ஒரு காலத்தில் அவள் விரும்பினாள். அது எங்கே போனது என்று யோசிக்கும்போதெல்லாம், போகவில்லை, ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு பூச்சாக அதன் மேல் ஏதோ ஏறிக்கொண்டே வந்துவிட்டது என்று தோன்றும். அடியில் இன்னும் இரும்பு இருக்கிறதா, இல்லை துருவே மிச்சமா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"சரி, கேக்குறேன்," என்றாள். "ஒரே ஒரு விஷயம். ஞாயித்துக்கிழமை காபிக்கு உங்கம்மா வருவாங்க. சீப்ராண்டும் வருவான். கலப்பை எப்படிடா பளபளன்னு ஆச்சுன்னு அவன் கேக்காம இருக்க மாட்டான். அப்ப நீயே சொல்லணும். ரூல்ஃபோட மணல்ல தேச்சுட்டு வந்தேன்னு."

"இதுக்கா இவ்வளவு?"

"இதுக்குத்தான்."

"யாரு சொன்னா என்ன, நீயே சொல்லிக்கோயேன்."

"நான் சொன்னா மணல்காரி பெருமையடிக்கிறான்னு ஆகும். உன் வாயால வரணும்."

"சொல்றேன்."

"என்னைப் பாத்துச் சொல்லு."

அவன் சூப்பைப் பார்த்துத்தான் சொன்னான். "சொல்றேன்னா சொல்றேன், விடு."

ஒரு வாக்கியம். எத்தனையோ வருடங்களில் அவள் அந்த வீட்டிடம் கேட்ட முதல் பொருள் அதுதான். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. உண்மையை, அதைக் கேட்க வேண்டியவர்கள் முன்னால், ஒரே ஒரு தடவை. அது வந்துவிட்டால் தன் முகத்திலிருந்து அந்த இழுப்பு இறங்கிவிடும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சின்னப் பிள்ளைத்தனமான நம்பிக்கை. ஆனால் அதைத் தவிர வேறு எதுவும் அவளிடம் இல்லை.

மூன்றாவது தடவை மணி அடித்ததும் ரூல்ஃப் ஃபோனை எடுத்தான்.

"யாரு, ஃபென்னாவா? யாரு செத்தது?"

"யாரும் சாகலை. லூர்டோட கலப்பை."

நடந்ததை அவள் சொல்லி முடித்தாள். மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. பலகாரத்தை மோந்து பார்க்கிறவனின் மூச்சு.

"களிமண்ணு மகாராஜா நம்ம மண்ணுல காலை வைப்பாரா?"

"வைப்பார்."

"கொண்டாரச் சொல்லு. நாளைக்குக் காலையில. ஆனா இருட்டோட வரக்கூடாது, ஆமா. பத்து மணிக்கு வரணும். ரோட்டோரத்து நிலத்துல ஓட்டணும்."

இருட்டோடு வரக்கூடாது என்று ஏன் சொன்னான் என்று ஃபென்னாவுக்குப் புரியவில்லை. அப்போதைக்கு அதை விட்டுவிட்டாள்.

புதன்கிழமை லூர்ட் டிராக்டரில் முன்னால் போக, ஃபென்னா காரில் பின்னால் போனாள். பாதி வழியில் மண்ணின் நிறம் மாறியது. கறுப்பு சாம்பலாகி, சாம்பல் வெளிர்ந்தது. வீடுகள் சிறுத்தன. டிராக்டருக்குள் லூர்டின் தோள்களும் ஓர் அங்குலம் சிறுத்த மாதிரி அவளுக்குத் தெரிந்தது. அதை அவள் நன்றாகவே ரசித்தாள்.

ரூல்ஃப் ரோட்டோரத்தில் கைகளை வேலையுடுப்பின் மார்புப் பட்டைக்குள் செருகிக்கொண்டு நின்றிருந்தான். தனியாக இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, தற்செயலாக அந்த வழியே வந்தவர்கள் போல நின்றார்கள்.

லூர்ட் இறங்கினான். தொண்டையைச் செருமினான்.

"வணக்கம், மச்சான்."

அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்து ஃபென்னா கேட்டதே இல்லை. ரூல்ஃப் அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

"நல்ல கலரு," என்றான் கலப்பையைச் சுற்றி வந்து. "கல்யாணத்துக்கு எடுத்தியா?"

சைக்கிள்காரர்களில் ஒருவர் மூக்கைச் சிந்துகிற மாதிரி சிரித்தார்.

மணலில் கலப்பை இறங்கியபோது எழுந்த சத்தம் ஃபென்னாவுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த சத்தம். சூடான வாணலியில் தண்ணீர் தெளித்தது போன்ற நீண்ட சீறல். முதல் சாலிலேயே கொழுவின் நுனியில் வெள்ளிக் கோடு தெரிந்தது. மூன்றாவதில் தகடுகளின் நடுவே சிவப்பு திட்டுத்திட்டாகப் பெயர்ந்தது. லூர்ட் ஒவ்வொரு முனையிலும் கலப்பையைப் புரட்டிப் போட்டுத் திரும்பினான். மணல் கோபப்படாமல், உதை வாங்காமல், தன் பாட்டுக்கு அவனுடைய முட்டாள்தனத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரத்தில் பத்துத் தகடுகளும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. கிரைண்டர் கீறல்கள்கூட மங்கிப்போயிருந்தன. லூர்ட் நிறுத்தப் போனான். ரூல்ஃப் கையை ஆட்டினான்.

"இன்னும் நாலு சுத்து போ! அந்த ஓரத்துத் தகடு மங்கலாத்தான் இருக்கு!"

எந்தத் தகடும் மங்கலாக இல்லை. நான்கு சுற்று முடிந்ததும் இன்னும் நான்கு. ரோட்டோரத்து நிலம் மொத்தமும் உழுது முடிந்தபோதுதான் ரூல்ஃபுக்குத் திருப்தி வந்தது. லூர்டின் டீசல், லூர்டின் நேரம், களிமண்காரனின் கூலியில்லாத உழைப்பு. அண்ணனின் உதட்டைப் பார்த்தாள் ஃபென்னா. அதுவும் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது பக்கம். அவ்வளவுதான் வித்தியாசம்.

நிலத்தின் ஓரத்திலேயே காபி வந்தது. லூர்ட் டிராக்டரை விட்டு இறங்கி வந்து, மணலில் பூட்ஸ் புதைய நின்று, கோப்பையை வாங்கிக்கொண்டான்.

"உங்கப்பாவைவிட நீ பரவாயில்ல," என்றான் ரூல்ஃப். "அவரு காபிக்குக் கூப்பிட்டாகூட நின்னு குடிக்க மாட்டார்."

"எங்கப்பாவா?"

"புதுக் கலப்பை வாங்குறப்ப எல்லாம் வருவாரே. துரு ஏறினாலும் வருவார். இருட்டோட வந்து, விடியறதுக்குள்ள போயிருவார். உங்க பக்கத்துல இருந்து நெறைய பேரு அப்படித்தான் வருவாங்க. எங்கப்பா யாரு பேரையும் வெளியே சொன்னதில்ல. நல்ல மனுஷன். நான் அவ்வளவு நல்லவன் இல்ல."

ஃபென்னா கோப்பையோடு அப்படியே நின்றாள். அவளுக்கு அந்த வெளிச்சம் ஞாபகம் வந்தது. குழந்தையாக இருந்தபோது, இலையுதிர்கால விடியற்காலைகளில், டிராக்டர் விளக்கு அவள் அறையின் மேற்கூரையில் ஊர்ந்து போகும். யாரப்பா அது என்று கேட்டால், யாரோ வழி தவறி வந்தவங்க, தூங்கு என்பார் அப்பா. அவளும் தூங்கிவிடுவாள். அந்த வெளிச்சத்துக்குள் உட்கார்ந்திருந்த ஒருவரைத்தான் பிற்பாடு மாமனார் என்று கூப்பிட்டு, அவருக்குச் சூப் பரிமாறி, மணலைப் பற்றிய அவருடைய கேலிகளைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"எங்கப்பா அப்படிச் சொன்னதே இல்லையே," என்றான் லூர்ட்.

"சொல்லியிருந்தா நீ தகட்டுல பெயிண்ட் அடிச்சிருப்பியா?"

சைக்கிள்காரர்கள் சிரித்தார்கள். ரூல்ஃப் அவர்களைவிட நீளமாகச் சிரித்தான். தேவைக்கு மேல் உழுததைப் போலவே, தேவைக்கு மேல் சிரித்தான். லூர்டின் காதுகள் சிவந்தன. அந்த நிமிடம் ஃபென்னாவுக்கு அவன் மேல் ஓர் இரக்கம் வந்தது. வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பெருமையைக் காப்பாற்றுவதற்காக ஒரு அப்பன் தன் மகனிடமே பொய் சொல்லியிருக்கிறான். மகன் அதை வேதமாக எடுத்துக்கொண்டு இரண்டு பூச்சு அடித்திருக்கிறான். ஐந்து மாதமாகத் தனக்குள் உட்கார்ந்திருந்த அந்த ஒன்றைப் பற்றியும் அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அன்று மதியமே லூர்ட் தன் களிமண்ணில் இறங்கினான். ஃபென்னா ஓரத்தில் நின்று பார்த்தாள். மண் தகட்டில் ஏறி, திரும்பி, ஈரப் பளபளப்போடு வரிசையாகப் படுத்தது. ஐந்து சால், ஐந்து சால், எல்லாம் ஒரே உயரம். லூர்ட் கண்ணாடிக் கதவைத் திறந்து கத்தினான்: "பாத்தியாடி!" அவன் முகத்தில் வெறும் சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. அப்படி ஒரு முகத்தை அவள் ஞாபகம் வைத்திருந்தாள். பூச்சுக்கு அடியில் இரும்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, கடைசி மூலையை அவன் உழுதுகொண்டிருந்தபோது முதல் துளி விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. காலை முதல் அணைக்கரைச் சாலையில் கார்கள் மெதுவாக ஊர்ந்தன. உழவு முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கத்துக்காரர்கள் குடும்பத்தோடு காரில் ஏறி, அடுத்தவன் சால் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார்கள். நேராக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கோணலாக இருந்தால் அடுத்த நவம்பர்வரை சொல்வார்கள். லூர்டின் நிலத்துப் பக்கம் வந்த கார்கள் ஒன்றும் சொல்லாமல் கடந்தன. அதைவிடப் பெரிய பாராட்டு அங்கே கிடையாது.

பத்தரைக்கு பௌவீனா வந்தாள். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தும் முதுகு வளையாதவள். நாற்காலியின் சாய்மானத்தை ஒரு பலவீனமாகக் கருதுகிறவள். சீப்ராண்ட் மாவு மணக்க ஒரு டின் பிஸ்கட்டோடு வந்தான். ஃபென்னா இஞ்சி கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"சரி, சொல்லு," என்றான் சீப்ராண்ட், சர்க்கரையைக் கலக்கியபடி. "திங்கக்கிழமை மாட்டுச் சாணி அள்ளுற மாதிரி உழுதே. வெள்ளிக்கிழமை பாத்தா அளவுகோல் வெச்ச மாதிரி இருக்கு. தகடு பளபளங்குது. என்னடா பண்ணினே?"

ஃபென்னாவின் கத்தி கேக்கில் பாதியில் நின்றது.

லூர்ட் காபியை ஒரு வாய் குடித்தான். அம்மாவைப் பார்த்தான். சீப்ராண்டைப் பார்த்தான். ஃபென்னா இருந்த பக்கம் மட்டும் அவன் பார்வை போகவில்லை. அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒண்ணும் பண்ணலை. நல்ல களிமண்ணுதானே, அதுவே தேச்சு எடுத்துருச்சு. கொஞ்சம் பொறுமையா ஓட்டணும், அவ்வளவுதான்."

"அப்படியா!" என்றான் சீப்ராண்ட். நம்பிய மாதிரி தெரியவில்லை. நம்பாத மாதிரி காட்டிக்கொள்ளவும் இல்லை. அவனுடைய கலப்பையும் இரண்டு வருடத்துக்கு முன்னால் புதிதாக வந்ததுதானே என்று ஃபென்னாவுக்கு நினைவு வந்தது. அது எந்த மணலுக்குப் போய் வந்ததோ.

"உங்கப்பாவும் இதேதான் சொல்லுவார்," என்றாள் பௌவீனா, கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு.

கத்தி மறுபடி இறங்கியது. ஃபென்னா ஒரு துண்டை எடுத்து மாமியாரின் தட்டில் வைத்தாள்.

"மாமாவோட பூட்ஸை நீங்கதானே அத்தை கழுவுவீங்க?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. மணல்தானே, சீக்கிரம் போயிருக்கும்."

பௌவீனா நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறவளின் பார்வை. அந்தக் கிழட்டுக் கண்களில் கோபம் இல்லை. கணக்குப் போடுகிற நிதானம் இருந்தது. பிறகு தட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்தாள்.

"கேக்கு வறட்சியா இருக்கு."

"என்ன மணல்?" என்றான் சீப்ராண்ட்.

"ஒண்ணுமில்லடா, பிஸ்கட்டை எடு," என்றான் லூர்ட்.

அவளே சொல்லியிருக்கலாம். வாய் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். ஆனால் அவள் சொன்னால் அது ஒரு பெண்டாட்டியின் பொருமல். அவனால் அந்த ஒரு வாக்கியத்தைத் தர முடியவில்லை. தன் அப்பனின் பொய்யை, அது பொய் என்று தெரிந்த பிறகும், அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டான். தெரியாமல் அணிந்தவரைக்கும் அதில் ஓர் அப்பாவித்தனம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. மணல் வயலில் அவளுக்கு வந்த இரக்கம் எப்படிப் போனது என்றுகூட அவள் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அந்த இடம் காலியாக இருந்தது.

விருந்தாளிகளை அனுப்பிவிட்டு லூர்ட் வாசலில் நின்று சொன்னான்: "கிரீஸ் டப்பாவை எடுத்து வெச்சிருக்கேன். பிரஷும் இருக்கு. இன்னைக்கே போட்டுரு, கடல் காத்து அடிக்குது, விட்டா துரு புடிச்சுரும்." காபிக் கோப்பைகளைக் கழுவுவது போலவே, கலப்பைக்குக் கிரீஸ் போடுவதும் அந்த வீட்டில் எப்போதோ அவள் வேலையாகிவிட்டிருந்தது. மேஜையில் நடந்ததைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய எதுவும் நடந்ததாக அவனுக்குத் தோன்றவில்லை.

கொட்டகைக்குள் சாயங்கால வெளிச்சம் சாய்வாக விழுந்திருந்தது. கழுவிய கலப்பை நடுவில் நின்றது. ஃபென்னா குனிந்தபோது ஒவ்வொரு தகட்டிலும் ஒரு ஃபென்னா நீண்டு வளைந்து குனிந்தாள். பத்து முகங்கள். பத்திலும் உதடு இடது பக்கம் இழுத்திருந்தது. அந்த ஒரு வாக்கியம் வந்திருந்தால் இறங்கியிருக்குமா? இறங்கியிருக்காது என்று இப்போது தோன்றியது. அது மண் அல்ல ஒட்டுவதற்கு, பெயிண்ட்டும் அல்ல உரிவதற்கு. அதுவே தகடாகிவிட்டது.

பிரஷை எடுத்து மேல் வரிசையை ஆரம்பித்தாள். அவள் வேலை எப்போதும் சுத்தமாக இருக்கும். விளிம்பு, மூலை, போல்ட்டின் தலை, கொழுவின் அடி. மஞ்சள் கிரீஸ் படிந்ததும் ஒவ்வொரு முகமாக மங்கி மறைந்தது. மேல் வரிசை ஐந்து முடிந்தது. கீழே ஒன்று, இரண்டு. நடுத் தகட்டை விட்டுவிட்டு நான்கு, ஐந்து.

நடுத் தகட்டின் முன்னால் மண்டியிட்டாள். வலது கையைத் துணியில் துடைத்துவிட்டு, வியர்வை ஈரத்தோடு, உள்ளங்கையை எஃகில் அழுத்தி வைத்தாள். குளிர் முழங்கைவரை ஏறியது. எடுத்தபோது ஐந்து விரல்களும் மூச்சுப் பட்ட கண்ணாடி போலப் பதிந்திருந்தன. நாளைக்கு அந்த இடம் டீக்கறை நிறமாகும். கிறிஸ்துமஸுக்குள் தகடு முழுவதும் பரவும். அடுத்த நவம்பருக்குள் குழி விழும். கலப்பை பக்கம் லூர்ட் அதுவரை தலைவைத்தும் படுக்க மாட்டான்.

அவளால் அதை இப்போதே பார்க்க முடிந்தது. போகும்போது எல்லாம் நேராகப் போகும். முனையில் கலப்பையைப் புரட்டிப் போட்டுத் திரும்பும்போது, ஐந்து சாலில் நடுச் சால் மட்டும் அப்பிக்கொண்டு பிய்ந்து விழும். நிலம் முழுக்க, பத்துச் சாலுக்கு ஒன்றாக, சிதைந்த ஒரு கோடு. அணைக்கரையில் கார்கள் வேகம் குறைக்கும். சீப்ராண்ட் கண்ணாடியை இறக்குவான். நல்ல களிமண் தானாகத் தேய்த்துக் கொடுக்கட்டும், பார்க்கலாம். அப்புறம் ஒருநாள் மதியம் சூப்பைப் பார்த்துக்கொண்டு, நீ ஒரு ஃபோன் போட்டுக் கேளேன் என்பான்.

கதவில் நிழல் விழுந்தது.

"முடிஞ்சுதா?" என்றான் லூர்ட்.

"முடிஞ்சுது."

"எல்லாத்துக்கும் போட்டியா?"

"வந்து பாரேன்."

அவன் வாசலைத் தாண்டி வரவில்லை. சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எந்த உள்நோக்கமும் இல்லாமல் சொன்னான்:

"எதுக்கு? நீ போட்டா சரியாத்தான் இருக்கும்."

அந்த வீட்டில் அவள் வேலையைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. இன்றைக்கு, இந்தத் தகட்டுக்கு முன்னால் வைத்துச் சொல்கிறான். பிரஷில் இன்னும் கிரீஸ் இருந்தது. ஒரு தகட்டுக்குத் தாராளமாகப் போதும். அவன் காலடிச் சத்தம் கப்பிக்கல்லில் தேய்ந்து, சமையலறைக் கதவுவரை போய் நின்றது.

ஃபென்னா பிரஷை டப்பாவின் விளிம்பில் நன்றாக வழித்தாள். ஒரு சொட்டும் வீணாகாமல் மூடியை அழுத்தி மூடினாள். பிரஷை அதன் ஆணியில் மாட்டிவிட்டு, கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்தினாள்.